சமம் வராத இசை: வேலை நேரத்தில் என்ன கேட்கலாம்?

வேலை செய்துகொண்டே கேட்க அமைதியான மின்னணு இசை பற்றி என்ன கேள்வி இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பதினைந்து வருடமாக இதைத்தான் கேட்கிறேன், எனக்கு இதைப் பற்றிப் பேசப் பிடிக்கும். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சோழிங்கநல்லூர், மென்பொருள் வேலை: அண்ணா, ராஜா பாட்டு போட்டால் பாட்டுதான் ஓடுகிறது, வேலை ஓடமாட்டேன் என்கிறது. ஆம்பியன்ட் கேள் என்கிறார்கள். அது என்ன, எங்கே ஆரம்பிப்பது?

தம்பி, வரி தெரிந்த பாட்டு வந்தால் மனசு கூடவே பாடத்தான் செய்யும். நீ எழுதும் புரோகிராமும் அதே மனசில்தான் வரிவரியாக நிற்க வேண்டும், ரெண்டுக்கும் அங்கே இடமில்லை. அதனால் முதலில் சொற்கள் இல்லாத இசைக்கு வா. ஆம்பியன்ட் அப்படிப்பட்டதுதான்: என்னைக் கவனி என்று கேட்காமல், அறையின் சூழல் போலப் பின்னால் ஒலித்துக்கொண்டிருக்கும் இசை.

பிரையன் ஈனோ 1978இல் செய்த ஆல்பம் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', அதில் ஆரம்பி. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பாய். மிருதங்கக்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டுச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழும்போது சபையே தலையாட்டும், காது அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும். ஈனோ அந்தக் காத்திருப்பையே எடுத்துவிட்டார். இரண்டாவது ட்ராக்கில் ஒற்றை ஸ்வரத்தை மட்டும் நீட்டிப் பிடித்த குரல்களைத் தனித்தனி நாடாவில் வட்டமாக ஓடவிட்டார். ஒன்று 23.5 விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்று கிட்டத்தட்ட 26 விநாடிக்கு, இன்னொன்று கிட்டத்தட்ட 30. எல்லாம் ஒன்றாக வந்து விழும் இடம், நீ கேட்கிற நேரத்துக்குள் வரவே வராது. சமம் வராது என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் அது எதிர்பார்ப்பதை விட்டுவிடுகிறது, உன்னையும் வேலை பார்க்க விடுகிறது. முதல் நாள் ஒன்றுமே நடக்கவில்லையே என்றுதான் தோன்றும். ஒரு வாரம் அதையே போடு.

மயிலாப்பூர், மொழிபெயர்ப்பாளர்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டால் தூங்கிவிடுவேன். தாளம் வேண்டும், ஆனால் டிஸ்கோ வேண்டாம்.

டைக்கோவின் 'டைவ்', 2011இல் வந்தது. கிதார், சிந்தசைசர், நிதானமான ட்ரம், வெயில் சாய்ந்த பிறகு பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பது போல இருக்கும். போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் 1998 ஆல்பத்தையும் எல்லோரும் சொல்வார்கள். அருமையான ஆல்பம்தான், ஆனால் நடுநடுவே ஆங்கிலப் பேச்சுத் துண்டுகள் வரும். மொழிபெயர்ப்பவருக்கு அது இடைஞ்சல்.

உங்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது டப் டெக்னோ. 1993 வாக்கில் பெர்லினில் பேசிக் சேனல் என்ற இருவர் தொடங்கிய வழி. பக்கத்துத் தெருக் கல்யாண மண்டபத்தில் வாசிப்பது, நம் வீட்டுக்கு வரும்போது பாட்டெல்லாம் சுவரில் நின்றுபோய் 'தும் தும்' மட்டும் உள்ளே வருமே, அதன் மேல் மழைச்சாரல் போல ஒரு எதிரொலி. தாளம் விடாமல் போகும், ஆனால் ஆடச் சொல்லாது. மதியம் மூன்று மணிக்கு வரும் தூக்கத்துக்கு இதை விட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

வேளச்சேரி, ஆடிட்டர் அலுவலகம்: சார், இதெல்லாம் நம் காதுக்கு ஒட்டுமா? கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன் நான்.

உங்களுக்குத்தான் சார் சீக்கிரம் ஒட்டும். என் அத்தை வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும். பிள்ளைகள் போன பிறகும் அவர் சுருதிப் பெட்டியை அணைக்காமல் சமையலுக்குப் போய்விடுவார். ஸ்டூல் மேல் அது பாட்டுக்கு ச-ப-ச என்று சுற்றிக்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கு மட்டும் எரியும், பக்கத்தில் பாயில் உட்கார்ந்து நான் கணக்குப் போடுவேன். அணைத்தால்தான் 'ஏதோ நின்றுவிட்டது' என்று தலை நிமிர்வேன். எனக்குத் தெரிந்து நான் கேட்ட முதல் ஆம்பியன்ட் அதுதான்.

இது வெறும் ஒப்புமை இல்லை. மேற்கே நீண்ட கார்வையை வைத்தே இசை செய்த லா மான்ட்டே யங்கும் டெர்ரி ரைலியும் 1970இலிருந்து ஹிந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் சிஷ்யர்களாக இருந்தவர்கள். தம்புரா அங்கே போய்ச் சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. இங்கேயும் நடந்திருக்கிறது: அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969இலேயே ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. அதில் நம்மவர்கள் செய்துபார்த்த ஒலிப்பதிவுகள் பல வருடம் கிடப்பில் கிடந்து, 2023இல்தான் ஆல்பமாக வெளிவந்தன. வேலை நேரத்துக்கு அது கொஞ்சம் கரடுமுரடு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேளுங்கள். வேலைக்கு வேண்டுமென்றால் ஃபோர் டெட்டின் 2015 ஆல்பம் 'மார்னிங்/ஈவ்னிங்'. மொத்தமே இரண்டு ட்ராக், ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம். முதல் ட்ராக்கில் லதா மங்கேஷ்கரின் குரல் தாளத்துக்கு மேல் மிதந்து வந்துகொண்டே இருக்கும்.

பெரம்பூர், வீட்டிலிருந்து வேலை: தெருவில் டிரில்லிங் சத்தம். அதை அமுக்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறேன்.

தயவுசெய்து கூட்டாதீர்கள். நானும் எதிர்வீட்டை இடித்துக் கட்டிய ஆறு மாதம் இதைத்தான் செய்தேன். ஒருநாள் ராத்திரி எல்லாம் அணைத்த பிறகும் காதுக்குள் 'ங்ங்' என்று ஒரு சத்தம், விடியும் வரை போகவில்லை. டாக்டரிடம் ஓடினேன். நல்லவேளை, தானாகவே சரியானது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும், அதாவது 20 மணி நேரம்தான். முழுநாள் வேலைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த வாரத்து 40 மணி நேரமும் வேலையிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் காதுக்குச் சரியாக அடைக்கிற ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள், இயர்போனோடு வரும் மூன்று அளவில் பலரும் நடு அளவையே போட்டுக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அப்புறம், இடைவெளி அதிகமுள்ள பியானோ இசை இந்தச் சத்தத்துக்கு ஆகாது, இடைவெளியில் டிரில் நுழைந்துவிடும். விடாமல் ஒலிக்கும் அடர்த்தியான இசை வேண்டும்: காஸ் என்ற பெயரில் வோல்ஃப்காங் வோய்க்ட் 2000இல் வெளியிட்ட 'பாப்' ஆல்பம்.

அம்பத்தூர், மாணவர்: காசு இல்லை, டேட்டாவும் குறைவு.

சோமாஎஃப்எம். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 2000 முதல் ஓடும் இணைய வானொலி, விளம்பரமே இல்லை, கேட்கிறவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. தாளம் வேண்டுமென்றால் 'குரூவ் சாலட்', வேண்டாமென்றால் 'ட்ரோன் ஜோன்'. 128 கேபிபிஎஸ் தரத்தில் கேட்டால் மணிக்கு 58 எம்பி போகும், எட்டு மணி நேரத்துக்கு 460 எம்பி. 64ஐத் தேர்ந்தெடுத்தால் அதில் பாதி. மெல்லிய இசைக்கு அதுவே போதும்.

கிண்டி: பிளேலிஸ்ட் போட்டால் போதாதா? புதிதாக எப்படித்தான் தேடுகிறீர்கள்?

போதாது என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு ட்ராக் மாறினால் ஒவ்வொரு மாற்றத்திலும் காது ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு வருகிறது. முழு ஆல்பமாகப் போடுங்கள். பிடித்திருந்தால் யார் செய்தது, எந்த லேபிள், அதாவது எந்த நிறுவனம் வெளியிட்டது என்று பாருங்கள், அங்கிருந்து நூல் பிடித்துப் போகலாம். நான் போன ஒரு வழியைச் சொல்கிறேன். ஹிரோஷி யோஷிமுரா 1982இல் செய்த ஆல்பம் ஒன்று, ஒன்பது தபால் அட்டைகளுக்கான இசை என்று பெயர், எலெக்ட்ரிக் பியானோவில் மிகச் சில ஸ்வரங்கள். டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் அதை ஒலிக்கவிட்டபோது, பார்க்க வந்தவர்கள் இது என்ன இசை என்று கேட்டார்களாம். அவருடைய 'கிரீன்' ஆல்பத்தை மறுபடி வெளியிட்ட லேபிள் எது என்று தேடினேன், 'லைட் இன் தி அட்டிக்'. அவர்களே 2019இல் எண்பதுகளின் ஜப்பானியச் சூழல் இசையைத் தொகுத்து 'கான்க்யோ ஓங்காகு' என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு தொகுப்பிலிருந்து எனக்குப் புதிதாகப் பத்துப் பேர் கிடைத்தார்கள். இசைக்கலைஞர்கள் தங்கள் ஆல்பத்தை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் பெரும்பாலும் வாங்கும் முன்பே முழுதாகக் கேட்டுப் பார்க்கலாம். பிடித்தால் ஒன்றாவது வாங்குங்கள்.

தாம்பரம்: பைனாரல் பீட்ஸ் கேட்டால் கவனம் கூடுமா?

இரண்டு காதிலும் கொஞ்சம் வேறுபட்ட ஒலியைத் தனித்தனியாகக் கேட்கவைப்பதுதான் பைனாரல் பீட்ஸ். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கேட்க இதமாக இருந்தால் கேளுங்கள், அதற்கென்று காசு கட்டி ஆப் வாங்க வேண்டாம்.

அண்ணா நகர், கைக்குழந்தையின் அம்மா: குழந்தை தூங்கும்போது கணக்கு எழுதுகிறேன். ஸ்பீக்கரில் ரொம்ப மெதுவாக வைக்க ஏதாவது?

நில்ஸ் ஃபிராமின் 'ஃபெல்ட்', 2011. ராத்திரி வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுவார்களே என்று பியானோவின் தந்திகள் மேல் கம்பளித் துணியைப் போட்டு, மைக்கை மிகப் பக்கத்தில் வைத்துப் பதிந்தது. சுத்தமான மின்னணு இசை என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் வீட்டு நிலைமைக்கு இதுதான் சரி. கட்டை எழுந்து அமரும் சத்தம், அவர் மூச்சு எல்லாம் கேட்கும். ஸ்பீக்கரைத் தொட்டிலிலிருந்து தள்ளி, உங்கள் மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். உங்களுக்கு மட்டும் கேட்டால் போதும் அம்மா.