இலங்கை முகாம் மக்களின் குடியுரிமை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்கு நடத்துகிறேன். இலங்கைப் போரால் இங்கே வந்தவர்கள், முகாமில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள், இவர்களின் குடியுரிமை பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்கிறவர்கள் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

ஆனையூர்: அக்கா, நான் 1992ல் மண்டபம் முகாமில் பிறந்தேன். கணவர் செல்லூர்க்காரர், இந்தியர். மகன் 2016ல் மதுரையில் பிறந்தான். அவன் எந்த நாட்டுப் பிள்ளை?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், தங்கச்சி. குடியுரிமைச் சட்டம் பிறந்த தேதியை வைத்து மூன்று காலமாகப் பிரிக்கிறது. 1.7.1987க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3.12.2004 முதல் பிறந்தவர் என்றால் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

உங்கள் மகனுக்கு அப்பா இந்தியர். அலுவலகத்தில் சிக்கல் வருவது உங்கள் பெயரில்தான். நீங்கள் 1992ல் பிறந்ததால் பிறப்பால் இந்தியர் இல்லை. ஆனால் சட்டவிரோதக் குடியேறி என்றால் யார்? உரிய பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தவர், அல்லது அனுமதித்த காலம் தாண்டித் தங்கியவர் என்கிறது சட்டம். நீங்கள் எந்த எல்லையையும் தாண்டி வரவில்லையே. பிறந்ததே இங்கேதான். பிறந்த குழந்தை எப்படி 'நுழைந்தவர்' ஆகும்? என் வாதம் இதுதான், இதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. தீர்ப்பு சொல்ல வேண்டியது நீதிமன்றம்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு போட்ட உத்தரவையும் சேர்த்துக் காட்டலாம். 9.1.2015 வரை இங்கே தஞ்சம் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து அது விலக்குத் தருகிறது. அதுவே குடியுரிமை தந்துவிடாது. ஆனாலும் அரசு உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்று காட்ட உதவும்.

என்ன செய்யலாம் என்றால், மகன் பெயரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். உங்கள் முகாம் விவரத்தை மறைக்காமல் எழுதுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், அதை வைத்துத்தான் ஒத்தக்கடையில் இருக்கிற உயர்நீதிமன்றக் கிளைக்கு வர முடியும். ஒரு விஷயம்: சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் மகனை இலங்கைக் குடிமகனாகப் பதிவு செய்யச் சொல்லி யாராவது சொன்னால் உடனே போய்விடாதீர்கள். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது.

அப்புறம், எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பிறப்புச் சான்றிதழின் அசலை எந்தப் புரோக்கரிடமும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அசல் வீட்டில் இருக்கட்டும்.

திருவாதவூர்: 1986ல் ராமேஸ்வரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தேன். இத்தனை வருஷமும் என்னை அகதி என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் பிறப்பால் இந்தியர். மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் நம் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. பிறப்புச் சான்றிதழோடு வாருங்கள். அசலை நீங்களே கையில் கொண்டு வாருங்கள்.

உச்சபட்டி: நான் 1989ல் பிறந்தேன். அப்பா, அம்மா இருவரும் மன்னார். பாஸ்போர்ட் கிடைக்குமா?

பிறப்பால் கிடைக்காது.

உச்சபட்டி, இன்னொருவர்: எனக்கு 1994. ஆதார் இருக்கிறது. கிடைக்குமா?

ஆதார் குடியுரிமைச் சான்று கிடையாது. மற்றது முதல் பதிலில் இருக்கிறது.

தேனி: எங்கள் தாத்தா கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு மனுப் போட்டவர். 1984ல் கப்பல் நின்றதில் வர முடியாமல், அப்புறம் கலவரத்துக்குப் பயந்து படகில் வந்தோம். முகாமில் எல்லோரோடும் சேர்த்துவிட்டார்கள்.

உங்கள் வழக்கு வேறு, அதை முகாம் பதிவோடு கலக்க விடாதீர்கள். 1948ல் இலங்கை, தோட்டத்தில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரான உங்கள் ஆட்களின் குடியுரிமையை எடுத்தது. 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றார்கள். யாரையும் கேட்டுச் செய்த பங்கீடு இல்லை அது. கப்பலில் வந்தவர் தாயகம் திரும்பியவர், படகில் வந்தவர் அகதி. ஒரே குடும்பத்திலேயே இப்படி இரண்டாகப் பிரிந்தவர்கள் உண்டு. 2019 ஜூனில் மதுரைக் கிளை, உங்களைப் போன்ற 65 பேரின் வழக்கில், அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. தாத்தாவின் பழைய மனு, தோட்டத்துச் சம்பளச் சீட்டு, எது கிடைத்தாலும் தேடி எடுங்கள்.

திருப்பரங்குன்றம், கல்லூரி மாணவர்: மேடம், போர் 2009லேயே முடிந்துவிட்டது. இன்னும் ஏன் போகவில்லை? இந்தியா தர்மசத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னதே. நம் வரிப்பணம்தானே.

தம்பி, 2025 மே மாதம் ஒரு நீதிபதி, தண்டனை பெற்ற ஒருவருடைய வழக்கில் வாய்மொழியாகச் சொன்ன வார்த்தை அது. முகாமில் இருக்கிற எல்லோரையும் வெளியேற்றச் சொன்ன தீர்ப்பு இல்லை.

வரிப்பணக் கணக்குக்கு வருவோம். 2021ல் உயர்த்திய பிறகு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. கணவன், மனைவி, மூன்று சிறு பிள்ளைகள் என்றால் 4,000 ரூபாய். அதில் மதுரையில் யார் குடும்பம் நடத்த முடியும்? அதனால்தான் முகாம் ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். இந்த ஊரில் எத்தனை வீட்டுச் சுவர்கள் அவர்கள் கையால் வெள்ளை கண்டவை!

உச்சபட்டி, பெரியவர்: தம்பிக்கு நான் சொல்லுறன். நாங்கள் 1990ல யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில இருந்து வந்தனாங்கள். எங்கட காணி ஆமிக்காரற்ற வேலிக்குள்ள. போனால் எங்க இருக்கிறது?

மாணவர்: ஐயா, உங்கள் நிலைமை புரிகிறது. ஆனால் பலர் திரும்பிப் போயிருக்கிறார்களே?

போயிருக்கிறார்கள், ஆயிரக்கணக்கில். போக விரும்புகிறவரை யாரும் தடுக்கக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் 'போர் முடிந்தது' என்றால் துப்பாக்கிச் சத்தம் நின்றது என்று மட்டும்தான் பொருள். ஐயா சொன்ன வலிகாமம் வடக்கில் ராணுவம் பிடித்த நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள், முழுவதும் இல்லை. காணாமல் போன பிள்ளைகளைத் தேடி கிளிநொச்சி, வவுனியாவில் தாய்மார் 2017 முதல் சாலையோரம் உட்கார்ந்தார்கள். வட மாகாண சபைக்கு 2013ல் தேர்தல் நடந்தது. 2018ல் அதன் காலம் முடிந்த பின் பல வருஷம் தேர்தலே இல்லாமல் ஆளுநர் கையில் கிடந்தது. 2022ல் அந்த நாடே கடன் கட்ட முடியாமல் நின்றபோது, மறுபடி தனுஷ்கோடியில் மக்கள் வந்து இறங்கினார்கள்.

கீழமாசி வீதி: என் கடையில் ஆனையூர்ப் பையன் ஒருத்தன் கணக்கு எழுதுகிறான். பி.காம். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவனை எந்த ஊருக்குப் போகச் சொல்கிறார் தம்பி?

மாணவர்: இங்கேயே பிறந்தவர்களை நான் யோசிக்கவில்லை, மேடம். குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்கள் வர மாட்டார்களா?

மாட்டார்கள். 2019 சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டிலிருந்து வந்த இந்து, கிறிஸ்தவர் போன்ற சிறுபான்மையினருக்கு மட்டும். இலங்கை விடுபட்டது பெரிய அநியாயம், நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். முகாமில் ஐம்பதாயிரத்துக்கும் மேல் இருக்கிறார்கள், பெரும்பாலும் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்கள். பக்கத்துக் கடலைத் தாண்டி வந்தவர்களைப் பார்க்க ஏன் மனம் வரவில்லை?

மண்டபம்: நாங்கள் 2022ல் வந்தவர்கள். அந்த 2025 உத்தரவு எங்களுக்கு உண்டா?

இல்லை. கடைசித் தேதி 9.1.2015. உங்களுக்குத் தனியாகப் போராட வேண்டும். ராமநாதபுரத்தில் இலவச சட்ட உதவி மையத்தை அணுகுங்கள்.

ராமேஸ்வரம்: எங்கள் படகுகளை இலங்கைக் கடற்படை பிடிக்கிறதே, அது பற்றி?

அது வேறு துறை, மீனவர் வழக்குப் பார்க்கும் வக்கீல்களிடம் கேளுங்கள். போர்க்காலத்தில் வடக்கு மீனவரைக் கடலுக்கே விடவில்லை, இப்போது வலை போட வருகிற அவர்களும் தமிழர்கள்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

திருமங்கலம்: 1991ல் பிறந்தேன். பாஸ்போர்ட்...

இதே கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. மேலே படியுங்கள். பொய்ச் சான்றிதழ் கொடுத்து வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். மாட்டினால் வழக்கு உங்கள் மேல்தான் வரும், புரோக்கர் காணாமல் போய்விடுவார்.

உச்சபட்டி, பெரியவர்: பிள்ளை, நான் ஊருக்குப் போய்ச் சாகத்தான் விருப்பம். மகள் இங்க பிறந்தவள், அவளும் வாறன் எண்டுறாள். என்ன செய்யோணும்?

ஐயா, மகளுடைய இந்தியப் பிறப்புச் சான்றிதழையும் உங்கள் இலங்கை ஆவணங்களையும் கொண்டு சென்னைத் துணைத் தூதரகத்தில் அவரை முதலில் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகுதான் பயண ஆவணம், இங்கிருந்து வெளியேற அனுமதி எல்லாம். அவசரப்பட்டு முகாம் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை ஒத்தக்கடைக்கு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், விண்ணப்பத்தை நானே எழுதித் தருகிறேன்.