கேமில் பின்னணி இசை திடீரென நின்றால் ஏன் மனசு படபடக்கிறது?

இசை ஓடும்போது அடுத்து என்ன வரப்போகிறது என்பதை அதுவே பாதி சொல்லிவிடும். அது நின்றதும் காது தானாகவே சின்னச் சின்னச் சத்தத்தையெல்லாம் தேட ஆரம்பிக்கிறது, படபடப்பு அங்கிருந்துதான் வருகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் 2005-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'ஷேடோ ஆஃப் த கொலாசஸ்'. மொத்தம் 16 ராட்சதர்கள், ஒவ்வொருவரையும் தேடிக் குதிரையில் போகிற அந்த நீண்ட வழியில் இசையே கிடையாது, குளம்புச் சத்தமும் காற்றும்தான், அந்த நிலம் எவ்வளவு பெரியது, நாம் எவ்வளவு தனியாக இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும். ராட்சதன் எதிரில் வந்ததும் கோ ஓட்டானியின் இசை எழும். நம் கை ஓங்கினால் அதுவும் வீறுகொண்டு மாறும். வழியெல்லாம் இசை போட்டிருந்தால் இந்த அதிர்வே கிடைத்திருக்காது.

அதற்காக அமைதிதான் உயர்ந்தது என்று சொல்லவில்லை. 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் நான்கே சுரங்கள்தான், எதிரிகள் குறையக் குறைய அந்தச் சுரங்களின் வேகம் கூடும், பதற்றத்துக்கு அதுவே போதும். அப்புறம் 'ரெசிடென்ட் ஈவில்' என்ற திகில் வரிசையின் முதல் கேமில், அதுவரை ஆடியதைச் சேவ் செய்யும் அறைக்குள் நுழைந்ததும் ஒரு மெல்லிய இசை வரும், இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம் என்று அர்த்தம். இவற்றை ஹெட்போன் போட்டு ஆடிப் பாருங்கள்.