பள்ளி ஊருடையது, பெயர் அரசருடையது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்மிங்ஹாமில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்வந்தோம். ஷேக்ஸ்பியர் படித்ததாகச் சொல்லப்படும் ஆறாம் எட்வர்டு இலக்கணப் பள்ளியையும் பார்த்தோம். ஊர் திரும்பி இதைச் சொன்னால் நண்பர் ஒருவர் சிரிக்கிறார். அங்கே அவர் படித்ததற்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாதாம். கையுறை தைப்பவரின் மகன், அந்தக் கிராமத்துப் பள்ளிப் படிப்பை வைத்துக்கொண்டு அத்தனை நாடகங்களை எழுதியிருக்கவே முடியாதாம். எது உண்மை? எட்வர்டு அரசர்தான் அந்தப் பள்ளியைத் தொடங்கினாரா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. அந்தக் காலத்து மாணவர் பதிவேடு எதுவும் மிஞ்சவில்லை. ஷேக்ஸ்பியரின் வயதுப் பையன்கள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்காததற்கு அதுதான் காரணம். தந்தை அவரை இலவசப் பள்ளியில் சேர்த்தார், கையில் காசு குறைந்ததும் நிறுத்திவிட்டார் என்று ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நிக்கலஸ் ரோ சொல்கிறார். அவர் எழுதியது 1709இல், ஷேக்ஸ்பியர் இறந்து 93 ஆண்டுகள் கழித்து. ஆனால் தந்தை ஜான் 1568இல் அந்த ஊரின் பெய்லிஃப், நம்மூர்க் கணக்கில் நகராட்சித் தலைவர். பள்ளியை நடத்தியதே அந்த நகரசபைதான். சபை கூடியதும் பள்ளி நடந்ததும் ஒரே கட்டடத்தில். ஊர்ப் பையன்களுக்குக் கட்டணம் கிடையாது. இப்படிப்பட்டவர் மகனை அங்கே அனுப்பவில்லை என்று சொல்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது பாதி தவறு. கிராமத்துப் பள்ளி என்றதும் நாம் அரிச்சுவடியை நினைத்துக்கொள்கிறோம். அரிச்சுவடியைச் சின்னப் பள்ளியில் முடித்துவிட்டு, ஏழு வயதை ஒட்டித்தான் இங்கே வருவார்கள். கோடையில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. படிப்பு முழுக்க லத்தீன். வில்லியம் லில்லியின் இலக்கணத்தை வரிவரியாக மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு ஈசாப் கதைகள், ரோமானிய எழுத்தாளர்களான டெரன்ஸ், ஓவிட், வெர்ஜில், சிசரோ. டச்சு அறிஞர் எராஸ்மஸின் பாடநூல் ஒன்றில் 'உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது' என்ற ஒரே வாக்கியத்தை நூற்றுக்கும் மேற்பட்ட விதங்களில் லத்தீனில் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டியிருப்பார். (உங்களுக்கு நான் ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.) நாடகம் எழுதப்போகிறவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஆசிரியர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். ஷேக்ஸ்பியரின் பள்ளி வயதில் அங்கே இருந்த தாமஸ் ஜென்கின்ஸ், அவருக்கு அடுத்து வந்த ஜான் காட்டம் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள். காட்டமின் தம்பி கத்தோலிக்கப் பாதிரியார். புராட்டஸ்டண்டு அரசு அவரைப் பிடித்து 1582இல் தூக்கிலிட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அண்ணன் வேலையை விட்டுப் போயிருந்தார்.

ஷேக்ஸ்பியரின் 'விண்ட்சரின் குதூகல மனைவியர்' நாடகத்தில் ஒரு காட்சி வரும். வேல்ஸ்காரப் பாதிரி ஒருவர் நடுத்தெருவில் ஒரு பையனை நிறுத்தி லத்தீன் கேட்கிறார். லாப்பிஸ் என்றால் என்ன? கல். கல் என்றால் என்ன? கூழாங்கல் என்கிறான் பையன். இல்லை, லாப்பிஸ், அதை மூளையில் ஏற்றிக்கொள் என்கிறார் பாதிரி. பையனின் பெயர் வில்லியம். பதிவேடு இல்லாத குறைக்கு எனக்கு இந்தக் காட்சி போதும். உங்கள் நண்பருக்குப் போதாது என்று தெரியும். கதைக்கு அவசியமே இல்லாத இந்தக் காட்சி அங்கே ஏன் இருக்கிறது என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

இனி எட்வர்டு. அவர் தொடங்கவில்லை. அந்த ஊரில் புனிதச் சிலுவைச் சங்கம் என்று ஒன்று இருந்தது. ஊர் வணிகர்களும் கைவினைஞர்களும் சந்தா கட்டி, நிலம் சேர்த்து வளர்த்த சங்கம். நீங்கள் ஏறிப் பார்த்த மாடியும் கீழே உள்ள கூடமும் 1420 வாக்கில் அவர்கள் கட்டியவை. பக்கத்திலேயே 1427இல் கட்டிய பள்ளிக்கட்டடமும் இன்றுவரை நிற்கிறது. 1482இல் தாமஸ் ஜாலிஃப் என்ற பாதிரியார் தன் நிலங்களைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். அதற்கு ஒரு நிபந்தனை: தேடி வரும் எல்லோருக்கும் காசு வாங்காமல் இலக்கணம் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும்.

1547இல் இத்தகைய மதச் சங்கங்களின் சொத்துகளை அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. அப்போது அரியணையில் இருந்தவர் பத்து வயது எட்வர்டு. ஆண்டவர்கள் சுற்றியிருந்த பெரியவர்கள். ஊர்க்காரர்கள் ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்த பிறகு, 1553 ஜூன் 28இல் ஒரு சாசனம் வந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு நகரசபை உண்டு, சங்கத்தின் சொத்து சபைக்கு, அதிலிருந்து ஆசிரியருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளமும் வீடும் தர வேண்டும் என்றது. அன்றைக்கு அது நல்ல சம்பளம். சாசனம் வந்த எட்டாம் நாள், ஜூலை 6ஆம் தேதி, எட்வர்டு நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார். பதினைந்து வயது. அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஊர்க்காரர்களின் சொத்தை எடுத்துக்கொண்டு, அதையே கொடையாகத் திருப்பித் தந்து பெயரும் வாங்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியத்தைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் அவர் பெயரில் பள்ளிகள் இன்னும் எத்தனையோ உண்டு. பலவற்றின் கதை ஏறக்குறைய இதுதான்.

ஜாலிஃப் சொன்ன 'எல்லோருக்கும்' என்பதில் பெண்பிள்ளைகள் சேர்த்தி இல்லை. ஷேக்ஸ்பியரின் மகள் ஜூடித் 1611இல் ஒரு பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துக்குப் பதில் கீறல்தான் போட்டிருக்கிறார். அந்தப் பள்ளியில் மாணவிகளைச் சேர்த்தது 2013இல், அதுவும் மேல்நிலை வகுப்புகளுக்கு மட்டும்.

மறுபடியும் போனால் கீழ்க்கூடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். ஜான் பெய்லிஃபாக இருந்த ஆண்டில் ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்கள் இரண்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு வந்தன. ராணியின் குழுவுக்கு 9 ஷில்லிங், வொர்ஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங் என்று நகரசபைக் கணக்கில் இருக்கிறது. வில்லியமுக்கு அப்போது நான்கு, ஐந்து வயது.