நான்குக்கு மேல் ஏன் ஏறவில்லை?

அன்புள்ள ஐயா,

ஈ.கோலை பாக்டீரியாவின் மரபணுக்களை மாற்றி 141 மடங்கு ஹைட்ரஜன் எடுத்ததாக 2008-இல் வந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அப்படியானால் இந்நேரம் இது எரிபொருளாக வந்திருக்க வேண்டாமா? இன்னும் சில மரபணுக்களை மாற்றினால் சர்க்கரையிலிருந்து முழு ஹைட்ரஜனையும் எடுத்துவிட முடியாதா?

கதிர்

அன்புள்ள கதிர்,

141 மடங்கு உண்மைதான். ஆனால் அது ஃபார்மேட் என்ற சிறு கரிமச் சேர்மத்தைத் தீனியாகக் கொடுத்தபோது கிடைத்தது. அதே குழுவின் 2007 ஆய்வில் குளுக்கோஸ் கொடுத்தபோது, ஒரு மோல் குளுக்கோஸுக்கு 0.65 மோலாக இருந்த ஹைட்ரஜன் 1.3 ஆனது. இரண்டே மடங்கு. எனக்கு இந்தச் சின்ன எண்தான் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் ஈ.கோலை போகும் வழியில் உச்சமே 2 தான்.

மாணவனாக இருந்தபோது, பாக்டீரியா விட்ட சர்க்கரைக் கரைசலுக்குள், வாயுவைப் பிடிக்கக் கவிழ்த்து வைத்த டர்ஹாம் குழாயைக் காலையில் போய்ப் பார்ப்பேன். விரல் நீளம்கூட இருக்காது. முந்தைய நாள் முழுக்கக் கரைசலாக இருந்த அதன் உச்சியில் ஒரு குமிழி நிற்கும். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த குமிழி. நமக்கு அது எரிபொருள், பாக்டீரியாவுக்குக் கழிவு. காற்றில்லாத இடத்தில் சர்க்கரையை உடைத்தால் எலக்ட்ரான்கள் மிஞ்சும். அவற்றை எதன்மேலாவது இறக்கிவிட்டால்தான் அது தொடர்ந்து பிழைக்க முடியும். லாக்டேட், சக்சினேட், எத்தனால் என்று பல வழிகளில் இறக்கும். ஒரு பங்கு மட்டும் ஃபார்மேட்டாகி, அது பிளந்து ஹைட்ரஜனாக வெளியேறும்.

அந்தக் குளுக்கோஸ் ஆய்வில் ஏழு மரபணுக்களை நீக்கினார்கள். லாக்டேட்டுக்கும் சக்சினேட்டுக்கும் போகும் வாய்க்கால்களை அடைத்தார்கள். வெளிவந்த ஹைட்ரஜனைத் திரும்ப உறிஞ்சும் இரண்டு நொதிகளையும் முடக்கினார்கள். இந்த இரண்டாவது வேலை எனக்கு மிகவும் பிடித்தது. தான் விட்ட வாயுவைத் தானே தின்னும் உயிர் அது என்று தெரிந்திருந்தால்தான் அங்கே கைவைக்கத் தோன்றும்.

ஆனால் நீங்கள் கேட்கும் 'முழு ஹைட்ரஜன்' வேறு விஷயம். ஒரு குளுக்கோஸை நீரோடு சேர்த்து முழுவதும் உடைத்தால் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா வகைகள் குளுக்கோஸை அசிட்டேட்டாக முடித்தால் 4, பியூட்ரேட்டாக முடித்தால் 2. சிக்கு பிடித்த வெண்ணெய் நாற்றம் கலனிலிருந்து வந்தால் பியூட்ரேட் சேர்ந்துவிட்டது என்று மூக்கே சொல்லிவிடும். இந்த 4-ஐ டௌவர் வரம்பு என்கிறார்கள், நுண்ணுயிரியலாளர் ருடால்ஃப் டௌவர் பெயரால். மிச்சம் 8 இரண்டு அசிட்டேட்டுகளுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஹைட்ரஜனாக்க வெளியிலிருந்து ஆற்றல் தர வேண்டும். எந்த மரபணுவை நீக்கினாலும் அந்தக் கணக்கு மாறாது.

4-ஐத் தொடுவதற்கே கலனில் சேரும் ஹைட்ரஜனை உடனுக்குடன் வெளியேற்றியாக வேண்டும். அதன் அழுத்தம் ஏற ஏற, எலக்ட்ரான்கள் மறுபடி வேறு வழிகளுக்குத் திரும்பிவிடும். 70 டிகிரியில் வாழும் சில பாக்டீரியாக்கள் 4-க்குப் பக்கத்தில் போகின்றன. வெப்பம் அங்கே கைகொடுக்கிறது.

அதனால் ஒரே பாக்டீரியாவிடம் எல்லாவற்றையும் கேட்பதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அசிட்டேட் கலந்த கழிவுநீரை ஒளியில் வளரும் ரோடோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்குக் கொடுக்கலாம். இல்லாவிட்டால், பாக்டீரியாவோடு கொஞ்சம் மின்சாரமும் சேர்ந்து வேலை செய்யும் நுண்ணுயிர் மின்பகுப்புக் கலத்துக்கு விடலாம். தண்ணீரை மின்னால் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். அசிட்டேட்டிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கக் கணக்குப்படி சுமார் 0.14 வோல்ட் போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகிறது, ஆனாலும் 1.23 தேவைப்படுவதில்லை. நீங்கள் கேட்ட அந்த 8 அங்கேதான் கிடைக்கும்.