ஆய்வகத் தட்டில் சாகிற கிருமி உடம்பில் சாகுமா? மூலிகையும் ஒட்டுண்ணியும்: கேள்வி பதில்

மூலிகைகளிலிருந்து மலேரியா, குடல்புழு, அமீபா மாதிரியான ஒட்டுண்ணி நோய்களுக்கு மருந்து தேடும் ஆய்வகத்தில் பதினாறு வருடம் இருந்தேன். கேளுங்கள் என்று சொன்னதும் நாற்பது கேள்விக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செந்தில், திண்டுக்கல்: அக்கா, சீனாவில் ஏதோ பழைய வைத்திய நூலைப் படித்துத்தான் மலேரியா மருந்து கண்டுபிடித்தார்களாமே? அப்படியென்றால் நம் சுவடிகளிலிருந்தும் எடுக்கலாம்தானே?

எடுக்கலாம். ஆனால் அங்கே நடந்ததை முழுசாகக் கேளுங்கள். 1967இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேட ஒரு ரகசியத் திட்டம் தொடங்கியது. 1969இல் அதில் சேர்ந்த தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு இரண்டாயிரம் வைத்தியக் குறிப்புகளைத் திரட்டி, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து எலிகளுக்குக் கொடுத்தது. சிங்ஹாவ் என்ற செடி ஒரு தடவை நன்றாக வேலை செய்தது. மறுபடி செய்தால் ஒன்றுமில்லை. இந்த வேலையில் இருந்தவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

தூ யூயூ திரும்பவும் நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது: ஒரு பிடி சிங்ஹாவை இரண்டு ஷெங் (பழைய சீன அளவை) தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாறு முழுவதையும் குடி. ஊறவை, பிழி என்றுதான் இருக்கிறது. காய்ச்சச் சொல்லவே இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதரில் சாறு எடுத்தார். தண்டை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் சாறு எலிகளின் மலேரியாவை முழுக்க அடக்கியது. அடுத்த வருடம் கிடைத்த படிகம்தான் ஆர்ட்டிமிசினின். 2015இல் நோபல் பரிசு.

ஆக, நூலில் இருந்தது ஒரு துப்பு. அதைப் பிடித்துப் போக 380 சாறு வேண்டியிருந்தது. நம் சுவடிகளிலும் துப்பு நிறைய உண்டு. சாறு எடுக்கத்தான் ஆள் குறைவு.

பெயர் வேண்டாம், முதுகலை மாணவி: வேறொரு செடியின் மெத்தனால் சாறு மலேரியாக் கிருமியை 95 சதவீதம் கொல்கிறது மேடம். கட்டுரை எழுதலாமா?

பொறும்மா. மலேரியாக் கிருமியை மனிதச் சிவப்பணுவுக்குள் வைத்துத்தானே வளர்க்கிறாய்? என் இரண்டாம் வருடத்தில் எனக்கும் இப்படி அபாரமான எண் வந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். அப்புறம் சீனியர் ஒருவர் கிருமி வளர்த்த தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். அடியில் படிந்திருக்க வேண்டிய அணுக்களைக் காணோம், மேலே இருந்த திரவம் ரோஸ் மில்க் மாதிரி சிவந்து கிடந்தது. சாற்றிலிருந்த சபோனின் என்ற, சோப்பு மாதிரி நுரைக்கும் சேர்மம் சிவப்பணுக்களையே உடைத்துவிட்டது. வீடு இடிந்தால் குடியிருப்பவனும் சாகத்தானே செய்வான்!

கிருமி இல்லாத வெறும் சிவப்பணுவில் அதே அளவு சாற்றை விட்டுப் பார். அடுத்து மனித செல் ஏதாவது ஒன்றில் போட்டுப் பார். கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நடுவே எத்தனை மடங்கு இடைவெளி என்பதுதான் நீ எழுத வேண்டிய எண். இரண்டு மூன்று மடங்குதான் என்றால் அது பொதுவான விஷம். பத்து மடங்குக்கு மேல் போனால் எனக்கு எழுது, பேசுவோம்.

கணேசன், ஓசூர்: மலேரியாவுக்கு நிலவேம்புக் குடிநீர் போதுமா?

போதாது. நிலவேம்புச் சேர்மங்கள் ஆய்வகத் தட்டில் கிருமியைத் தடுப்பதாக ஆய்வுகள் உண்டு. அதை நம்பி ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை மலேரியாவை வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் ஓரிரு நாளில் மூளைவரை போகலாம். ரத்தப் பரிசோதனை, அப்புறம் மாத்திரை. கசப்பு வேண்டுமானால் காய்ச்சல் விட்ட பிறகு குடியுங்கள்.

லதா, சேலம்: பையனுக்குக் குடல்புழு. வாய்விளங்கம் தரலாமா?

வாய்விளங்கம் பழைய புழு மருந்துதான், எம்பெலின் என்ற சேர்மம் அதில் இருக்கிறது. சிக்கல் கடையில். அதே பெயரில் வேறு இரண்டு மூன்று செடிகளின் காயும் விற்கிறார்கள். உலர்ந்து மிளகு மாதிரி ஆனபின் கண்ணால் பிரிப்பது கஷ்டம். நாங்களே ஒருமுறை மூட்டையாக வாங்கி மூன்று மாதம் வீணடித்தோம். பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையையே கொடுங்கள்.

புழுவுக்குத் தாவர மருந்து வேலை செய்யாது என்று சொல்லவில்லை. சான்டோனின் என்று ஒரு புழு மருந்து இருந்தது; சிங்ஹாவின் உறவுச் செடியான காஷ்மீர் ஆர்ட்டிமிசியாவிலிருந்துகூட எடுத்தார்கள். புழு வெளியே வரும், கூடவே பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும்! பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் வழக்கொழிந்தது.

ரஃபீக், கோவை: அந்தச் சீனச் செடியை மாடியில் வளர்த்து டீ போட்டுக் குடித்தால்?

வேண்டாம். ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. செடிக்குச் செடி அளவும் மாறும். மாத்திரையிலேயே அது சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடுவதால்தான் நெடுநேரம் தங்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்து மூன்று நாள் தருகிறார்கள். டீயில் குறைந்த அளவு போனால் பலவீனமான கிருமி சாகும், தாக்குப் பிடிப்பது மிஞ்சும். மேற்குக் கம்போடியாவில் இந்த மருந்துக்குக் கிருமி மசியாமல் போனது 2008 வாக்கிலேயே தெரிந்துவிட்டது. இருப்பதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இலையாகவோ டீயாகவோ எடுப்பதை ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. (நம் மாசிபத்திரி இதே பேரினம்தான், ஆனால் வேறு செடி. அதைப் பறித்துக் காய்ச்ச வேண்டாம்.)

விக்னேஷ்: மஞ்சள்?

மஞ்சளில் இருக்கும் குர்குமினை எந்தச் சோதனையில் போட்டாலும் வேலை செய்வதாகக் காட்டும், அதுதான் பிரச்சினையே. தானே ஒளிர்ந்து சோதனையை ஏமாற்றும், சீக்கிரம் சிதையும், குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதும் சொற்பம். குழம்புக்கு நல்லது.

ஆனந்தி, ஊட்டி: எங்கள் பக்கத்து சிங்கோனா மரங்களுக்கு இன்னும் மதிப்பு உண்டா?

உண்டு, முன்பு போல இல்லை. அதன் பட்டையிலிருந்து கொய்னா என்ற மலேரியா மருந்தைப் பிரித்தது 1820இல், பெல்லெத்தியே, கவந்தூ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள். தென் அமெரிக்க மரம் நீலகிரிக்கு வந்தது 1860களில். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசுத் தோட்டங்கள் போட்டார்கள். எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று: கிருமி நம் ஹீமோகுளோபினைத் தின்னும்போது ஹீம் என்ற இரும்புக் கழிவு மிஞ்சும், அது கிருமிக்கே விஷம். கிருமி அதைப் படிகமாக்கி ஓரங்கட்டும். கொய்னா அந்தப் படிகமாக்கலைக் கெடுக்கிறது. ஆர்ட்டிமிசினினோ அதே இரும்போடு சேர்ந்துதான் வெடிக்கிறது. பெருவின் மரம், சீனாவின் செடி, இரண்டும் கைவைத்தது ஒரே சமையலறையில்.

முருகேசன்: எங்கள் மலையில் ஒரு பாட்டிக்குத் தெரிந்த பச்சிலை இருக்கிறது. ஆய்வகத்துக்குக் கொடுத்தால் யாருக்குச் சொந்தம்?

கொடுப்பதற்கு முன்பே கேட்டீர்களே, நல்லது. பிரெஞ்சு கயானாவில் மக்களிடம் கேட்டு, குவாசியா அமாரா இலையிலிருந்து மலேரியாச் சேர்மம் எடுத்த ஆய்வு நிறுவனம் காப்புரிமையில் அவர்களைச் சேர்க்கவில்லை. 2016இல் பெரிய சண்டை ஆனது. இங்கே 2002இன் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. தேசியப் பல்லுயிர் ஆணையமும் சென்னையில்தான். பாட்டியின் சம்மதமும் பங்கும் எழுத்தில் வரட்டும், அப்புறம் இலையைக் காட்டுங்கள்.

காட்டும்போது பையில் திணித்து அனுப்பாதீர்கள். பூவோ காயோ உள்ள கிளையாக ஒடித்து, செய்தித்தாளில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தாளைத் தினமும் மாற்றிக் காயவையுங்கள். எந்த இடம், எந்த மாதம், எந்தப் பாகத்தைப் பாட்டி எடுக்கிறார், பச்சையாகவா காய்ச்சியா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.