தமிழ் க்ரைம் தொடர்கள் ஏன் சென்னையை விட்டுச் சின்ன ஊர்களுக்குப் போகின்றன?

எனக்குத் தோன்றுவது இதுதான்: எட்டு எபிசோட் ஓட்ட ஒரு கொலை போதாது, சந்தேகப்பட ஒரு ஊரே வேண்டும். 2022-இல் வந்த 'சுழல்' காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடுகிற சாக்கில் மயானக் கொள்ளைத் திருவிழா, ஆலை வேலைநிறுத்தம் என்று ஊர் முழுக்கச் சுற்றியது. அதே ஆண்டு 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கம் போனது. சென்னையில் பக்கத்து ஃப்ளாட்டில் யார் என்றே தெரியாது. ராமேஸ்வரம் பக்கம் நான் இருக்கும் மண்டபம் என்கிற கடலோர ஊரில் அப்படியில்லை. விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும், எந்தப் படகில் யார் போனார், யார் விடிந்தும் கரை திரும்பவில்லை என்பது டீக்கடை பாய்லர் சூடாவதற்குள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பொய் சொன்னால் கேட்கிற நாலு பேருக்கும் அது பொய் என்று தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த மௌனம்தான் கதை.

சரி, எங்கள் கரையில் கதைக்குப் பஞ்சமா? கடலடியில் ஊரும் கடல் அட்டை (sea cucumber) என்கிற உயிரினத்தைப் பிடிக்க 2001-இலிருந்து தடை, இன்னும் மூட்டை மூட்டையாகக் கடத்திப் பிடிபடுகிறார்கள். ஆனால் சினிமாக்காரர்கள் வந்தால் பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையும் ட்ரோனில் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், அட்டையை அவித்துக் காயவைக்கும் அந்த நாற்றம் எந்தக் காட்சியிலும் வருவதில்லை.