கேள்வி நேரம்: உதவித்தொகை யார் வீட்டுப் பணம்?

சென்ற இதழில் அரசாங்க உதவித்தொகையைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளுக்கு வழக்கத்தைவிட அதிகமான கடிதங்கள் வந்துவிட்டன. பெரும்பாலானவை நான் குடியிருக்கும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்தவை. ஆகவே சினிமாக் கேள்விகள் அடுத்த மாதம் வரை பொறுத்திருக்கட்டும்.

கேள்வி: எங்கள் தாமானில் நடந்த கூட்டமொன்றில் பேசியவர், "நாங்கள் தோற்றால் ரஹ்மா உதவித்தொகை நின்றுவிடும், வாங்கிய கை நன்றி மறக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மாமியாருக்கு ஒரே கவலை. அப்படி நிறுத்திவிட முடியுமா ஐயா?
— இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: முடியும் அம்மா. ஆனால் அவர் சொன்ன காரணத்தால் அல்ல. இந்த உதவித்தொகைக்கென்று தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆண்டுதோறும் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கினால் உண்டு, ஒதுக்காவிட்டால் இல்லை. யார் ஆட்சியில் இருந்தாலும் நிலைமை இதுதான். 2012இல், மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத வருமானம் உள்ள குடும்பத்துக்கு 500 ரிங்கிட் என்று 'பிரிம்' தொடங்கியது. பிறகு அது 'பந்துவான் சாரா ஹிடுப்' ஆயிற்று, 'பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட்' ஆயிற்று, 'பந்துவான் கெலுவார்கா மலேசியா' ஆயிற்று, 2023 முதல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா' என்று வழங்குகிறது. ஐந்து பிரதமர்கள், ஐந்து பெயர்கள். தொகையும் தகுதியும் மாறினவே தவிர, அடியோடு நிறுத்தும் துணிவு ஒருவருக்கும் வரவில்லை. வாங்குகிறவர்கள் வாக்காளர்களாகவும் இருப்பதே அதற்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன். அதாவது, அந்தப் பேச்சாளர் உங்களுக்குக் காட்டிய பயம் உண்மையில் அவரிடம் இருக்க வேண்டியது.

நன்றி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 ஏப்ரல் முதல் 2018 மே வரை நடப்பில் இருந்த 6 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியை, பெட்டிக்கடையில் பற்று வைத்து வாங்கும் தோட்டத்து விதவையும் கட்டினார், பங்களாவில் இருந்த தோட்ட நிர்வாகியும் கட்டினார். இப்போதுள்ள விற்பனை, சேவை வரிகளும் பொருளின் விலைக்குள் ஒளிந்துகொண்டு நம் எல்லாரிடமும்தான் வசூலாகின்றன. கருவூலத்துக்கு நம்மிடமிருந்து போன பணம் நம்மிடமே திரும்பி வருகிறது; நடுவில் காசோலை அட்டையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவரிடம் மரியாதையாக நடந்துகொள்வோம், கடன்பட்டவர்களாக நடந்துகொள்ள வேண்டியதில்லை. வாக்குக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் மிரட்டுவதும் 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டப்படி தண்டனைக்குரியவை. மேடையிலிருந்து பொதுவாகச் சொன்ன எச்சரிக்கை அந்தச் சட்டத்துக்குள் வருமா என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டிய விஷயம். உங்கள் மாமியாரின் தூக்கம் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நாங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்று கிளைத் தலைவருக்குத் தெரிந்துவிடும் என்கிறார்களே?
— செம்பனைத் தோட்டத் தொழிலாளி, கோலக்கங்சார் சாலை

பதில்: உங்கள் தனி ஓட்டு தெரியாது, அதை இரகசியமாகக் காப்பது சட்டப்படியான கடமை. ஆனால் நம் நாட்டில் 'சாலுரான்' எனப்படும் வாக்களிப்புப் பிரிவுவாரியாக வாக்குகளை எண்ணுகிறார்கள், பெரும்பாலும் வயது வரிசையில் வாக்காளர்களைப் பிரிக்கிறார்கள். ஆகவே, 'இந்தப் பள்ளியில் முதியவர்களின் வரிசை எங்களுக்குப் போடவில்லை' என்று கட்சிக்காரர்கள் கணக்குப் பார்க்க முடியும். அந்தக் கணக்கை ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டினால், அவருக்குத் தெரிந்தது கூட்டுத்தொகை மட்டும்தான்.

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவில் வேலை செய்கிறான். அங்கே ஏழைகளின் மருத்துவ உதவியில் கைவைத்துவிட்டார்கள் என்றும், முதியோர் ஓய்வூதியத்தை மட்டும் தொடப் பயப்படுகிறார்கள் என்றும் சொன்னான். இரண்டும் மக்கள் நலத் திட்டங்கள்தானே, ஏன் இந்த வேறுபாடு?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஈப்போ

பதில்: ஆசிரியர் கேட்கும் கேள்விதான் இது. அமெரிக்காவின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் 1935 ஆகஸ்டு 14 அன்று அதிபர் ரூஸ்வெல்ட்டின் கையெழுத்தால் பிறந்தது. பொது வரியிலிருந்து கொடுக்காமல், தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே ஏன் பிடிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. தன் சம்பளத்திலிருந்து சந்தா கட்டியவனுக்கு அது உரிமையாகிவிடும், பிற்காலத்தில் எந்த அரசியல்வாதியாலும் அதைக் கலைக்க முடியாது என்பதே அவருடைய கணக்கு. இன்றும் தொழிலாளி 6.2 விழுக்காடும் முதலாளி 6.2 விழுக்காடும் கட்டுகிறார்கள். 2005இல் அதிபர் புஷ், அந்தச் சந்தாவின் ஒரு பகுதியைத் தனிநபர் முதலீட்டுக் கணக்குகளுக்குத் திருப்பிவிட விரும்பினார். இரு அவைகளிலும் அவருடைய கட்சியே பெரும்பான்மையாக இருந்தும், அத்திட்டம் வாக்கெடுப்பு வரைகூட வரவில்லை.

மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் கதை வேறு. பொது வரிப்பணத்தில், வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுப்பது அது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், அதில் பயன்பெறும் உழைக்கும் வயதினரில் பலர் மாதம் 80 மணி நேரம் வேலையோ அதற்கு இணையான பணியோ செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது. இந்த நிபந்தனையை மாநிலங்கள் பொதுவாக 2027 தொடக்கத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். அந்த நாட்டின் இடைக்காலத் தேர்தலோ 2026 நவம்பரில். வெட்டு விழுவது தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுப் போடுவது வலி தெரிவதற்கு முன்பு. ஒரு சட்டம் என்ன சொல்கிறது என்று படிக்கிறவர்கள், அது எந்தத் தேதியில் நடப்புக்கு வருகிறது என்பதையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

நம்மிடமும் இந்த இரண்டு வகையும் உண்டு. இந்த வட்டாரத்தில் தோட்டத் துரைகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்த 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தொழிலாளர் காப்புறுதித் திட்டமான சொக்சோவும் சந்தா கட்டிப் பெறும் உரிமைகள். ரஹ்மா உதவித்தொகை ஆண்டுக்கு ஆண்டு கிடைக்கும் ஒதுக்கீடு. சந்தா கட்டிய பணமென்றால் யாராலும் கைவைக்க முடியாது என்று ரூஸ்வெல்ட் நம்பினார். அடுத்த கடிதத்தைப் படித்தால் அவர் சற்று யோசித்திருப்பார்.

கேள்வி: சில வருடங்களுக்கு முன்பு சேமநிதியிலிருந்து பணம் எடுக்க அனுமதித்தபோது எல்லாரையும் போல நானும் எடுத்தேன், அனுமதித்தவர்களை வாழ்த்தவும் செய்தேன். இப்போது வயது 56. கணக்கில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நான் யாரைக் குறை சொல்ல வேண்டும்?
— முன்னாள் லாரி ஓட்டுநர், லிந்தாங்

பதில்: உங்களை நான் குறை சொல்லப் போவதில்லை. அந்த நாட்களில் வேலை நின்று, அரிசிக்கே திண்டாடிய வீடுகளை இதே ஊரில் பார்த்தவன் நான். என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். 55 வயதில் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார். லயத்து வீட்டைத் திருப்பிக் கேட்ட நாளில் நாங்கள் தெருவில் நிற்காததற்கு அந்தப் பணம் ஒன்றே காரணம். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் உணர்ச்சி கூடுதல் என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

2020 முதல் 2022 வரை நான்கு முறை கதவு திறந்தது. முதலில் 'ஐ-லெஸ்தாரி', மாதம் 500 ரிங்கிட், அதுவும் 55 வயதுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்க இடமிருந்த இரண்டாம் கணக்கிலிருந்து மட்டும். அடுத்து வந்த 'ஐ-சினார்', 55 வயது வரை பூட்டியிருக்க வேண்டிய முதல் கணக்கையே திறந்துவிட்டது. தொடக்கத்தில் அதற்கு நிபந்தனைகள் இருந்தன. தளர்த்து என்று இரு தரப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களும் நெருக்கிய பிறகு அவை நீக்கப்பட்டன. பின்பு 'ஐ-சித்ரா'வில் 5,000. கடைசியாக 2022 மார்ச்சில் அறிவித்த சிறப்பு மீட்பில் 10,000. அடுத்த எட்டு மாதங்களில் பொதுத் தேர்தல். நான்கிலும் சேர்ந்து வெளியேறியது ஏறத்தாழ 14,500 கோடி ரிங்கிட்.

இதில் அரசாங்கம் தன் பையிலிருந்து கொடுத்தது எவ்வளவு? ஒரு காசும் இல்லை. உங்கள் சம்பளத்தில் பிடித்த 11 விழுக்காட்டையும் முதலாளி சேர்த்துக் கட்டிய 12 அல்லது 13 விழுக்காட்டையும் உங்களிடமே நீட்டிவிட்டு, கைதட்டலைத் தாங்கள் வாங்கிக்கொண்டார்கள். நெருக்கடியில் அரசாங்கம் சுமந்திருக்க வேண்டிய செலவில் பெரும் பங்கு, தொழிலாளியின் முதுமைக் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. மானியத்தைக் குறைத்தால் கூட்டம் கூடிக் கத்துகிறோம். சேமநிதியைக் கரைத்தபோதோ நன்றி சொல்லிக்கொண்டே வரிசையில் நின்றோம். பாதுகாப்புத் திட்டத்தைக் கலைக்க எதிரி வர வேண்டும் என்பதில்லை, தேர்தலை எதிர்நோக்கியிருக்கும் நண்பரே போதும். குறை சொல்லத்தான் வேண்டுமென்றால், இரு தரப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை வேட்பாளர் வாசலுக்கு வரும்போது, 'சேமநிதியிலிருந்து மறுபடி எடுக்க விடுவீர்களா' என்ற கேள்வியை, 'சேமநிதி கரைந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு' என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

உங்களுக்கு இப்போது செய்யக்கூடியவையும் உண்டு. சொந்தமாகச் சம்பாதிக்கிறீர்கள் என்றால் 'ஐ-சாரான்' திட்டத்தில் சேர்ந்து 60 வயது வரை உங்களால் இயன்றதைக் கட்டலாம். நீங்கள் கட்டுவதில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. ஆண்டுக்கு 2,500 கட்டினால் அந்த 500 முழுமையாகக் கிடைக்கும். உடல்நலக் குறைவால் வேலை செய்ய முடியாத நிலை வந்தால், 60 வயதுக்கு முன்பே சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனு செய்யப் பாருங்கள். அறுபதைத் தாண்டி, வருமானமும் ஆதரவும் இல்லாதவர்களுக்குச் சமூகநலத் துறையின் முதியோர் உதவி இருக்கிறது. அது 2025இல் மாதம் 500 ரிங்கிட்டிலிருந்து 600 ஆக உயர்ந்தது.

கேள்வி: நாட்டில் வறுமை 0.4 விழுக்காடுதான் என்று முன்பு சொன்னார்கள். பிறகு திடீரென்று 5.6 என்றார்கள். ஒரே வருடத்தில் இத்தனை பேர் ஏழையாகிவிட்டார்களா?
— கல்லூரி மாணவி, தஞ்சோங் ரம்புத்தான்

பதில்: யாரும் புதிதாக ஏழையாகவில்லை, அளவுகோல் மாறிற்று. மாதம் 980 ரிங்கிட்டுக்குக் கீழே வாழும் குடும்பம்தான் ஏழை என்பது பழைய கோடு. 2019 ஆகஸ்டில் இங்கே வந்து பார்த்த ஐக்கிய நாடுகளின் வறுமை குறித்த சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், இந்தக் கோடு நடைமுறைக்குப் பொருந்தாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசாங்கம் அப்போது அதை மறுத்தது. 2020 ஜூலையில் கோடு 2,208 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, 2019ஆம் ஆண்டுக்கான விகிதம் 5.6 ஆயிற்று. கோட்டைத் தாழ்வாக வைத்திருந்த வரையில், உதவி தேவைப்பட்ட இலட்சக்கணக்கானோர் கணக்கிலேயே இல்லை. ஒரு திட்டத்தை ஓசைப்படாமல் சுருக்க இதைவிட எளிய வழி கிடையாது. எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டாம், யாருக்கும் கடிதம் அனுப்ப வேண்டாம். 'பயனாளிகள் குறைந்துவிட்டனர்' என்று யாராவது பெருமைப்பட்டால், தகுதி வரம்பு எப்போது கடைசியாக மாறியது என்று கேளுங்கள்.

கேள்வி: நான் பிறந்த தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அடையாளக் கார்டில் இன்னும் அந்தத் தோட்ட முகவரிதான் இருக்கிறது. 21 வயதாகிறது, ஓட்டுக்குப் பதிந்துகொள்ளவே இல்லை. இனிமேல் முடியுமா?
— தொழிற்சாலை ஊழியர், சுங்கை பட்டாணி

பதில்: பதிய வேண்டிய வேலையே இல்லை தம்பி. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்கள் அனைவரும் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகிறார்கள். சிக்கல் முகவரியில்தான், கார்டில் உள்ள பழைய முகவரிப்படியே உங்கள் தொகுதி அமைந்திருக்கும். முதலில் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்றுங்கள். அதோடு தொகுதி தானாக மாறிவிடாது. தேர்தல் ஆணையத்திடம் தனியாக மாற்ற மனு செய்ய வேண்டும், அதை அவர்களுடைய அகப்பக்கத்திலேயே செய்யலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பயன்படாது. உதவித்தொகை பற்றிய கடிதங்களும் பழைய தோட்ட முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கக்கூடும், அதையும் ஒரு நடை விசாரித்துவிடுங்கள்.